தப்பாதவனின் குட்டிகள்

முதல் குட்டிக்குச் சேணம் இருந்தது. இரண்டாவதுக்கும் இருந்தது. மூன்றாவதைத் தாய்நாய் புவா நக்கிச் சுத்தம் பண்ணிப் புரட்டிப் போட்டபோது ப்ரயோங் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். முதுகு மொழுமொழுவென்று இருந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு மயிர்கூட எதிர்த்து நிற்கவில்லை.

தாய்லாந்தில் இந்தத் த்ராட் பக்கத்து நாய் என்றால் முதுகில் சேணம் வேண்டும். உடம்பு மயிரெல்லாம் வாலைப் பார்த்துப் படிந்திருக்க, நடுமுதுகில் ஒரு பட்டை மட்டும் தலையைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அது வீணை மாதிரி இருக்கிறதா, அம்பு மாதிரி இருக்கிறதா என்று இந்த ஊர் ஆண்கள் காப்பிக்கடையில் அரை நாள் பேசுவார்கள். பெண்டாட்டி புதுசு கட்டினாளா, பழசு கட்டினாளா என்று கேட்டால் தெரியாது, பக்கத்து வீட்டு நாயின் முதுகில் எத்தனை சுழி என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார்கள். சேணம் இல்லாமல் பிறந்தால் அது மொட்டை. மொட்டை என்றால் எவனோ ஒரு தெருநாய் வேலி தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதனால் ஊர் வாயில் விழுவதற்கு முன்னால், பிறந்த அன்றைக்கே, அது கால்வாய்க்குப் போய்விடும்.

வெயில் ஏறுவதற்குள் புவா ஏழு குட்டி போட்டு முடித்தாள். நாலுக்குச் சேணம், மூன்று மொட்டை.

மொட்டை பிறப்பது ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் நடந்த சங்கதிதான், வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தக் குட்டிகளுக்கு அப்பன் ராச்சா என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ராச்சா, ப்ரயோங்கின் புருஷன் சனித்தின் அண்ணன் கம்ரோனுடைய நாய். மழைமேக நிறம், கல்லில் செதுக்கிய மாதிரி நெஞ்சு. எந்தப் பெட்டையோடு விட்டாலும் பிறக்கிற அத்தனை குட்டிக்கும் சேணம் விழும். மொட்டைப் பெட்டையோடு விட்டால்கூட விழும் என்று கம்ரோன் மார்தட்டுவார். "நாயில்லடா இது, முத்திரை. குத்தினா விழணும்" என்பார். ஊர் அதற்குத் 'தப்பாதவன்' என்று பட்டம் கட்டிவிட்டது. எல்லாரும் தங்கள் பெட்டையைத் தப்பாதவனிடமே கொண்டு போனார்கள். அதன் மகளை வளர்த்து, அந்த மகளையும் அதனிடமே கொண்டு போனார்கள். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் எந்த வேலிக்குள் எட்டிப் பார்த்தாலும் ராச்சாவின் பிள்ளை, பேத்திதான். சம்பந்தம் பண்ண வெளியே ஆள் இல்லை.

தப்பாதவனுக்கு மூன்று மொட்டை பிறக்காது. அப்படியானால் அப்பன் வேறு. அதைக் கம்ரோன் கண்டுபிடிக்க ஒரு பார்வை போதும்.

அப்பனை மாற்றினது ப்ரயோங்தான், அதை அவள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. ராச்சாவின் குட்டிகளுக்கு ஒரு கேடு இருந்தது. முதுகுத்தோலைத் தூக்கிப் பிடித்து விரலால் உருட்டினால், சில குட்டிகளுக்கு உள்ளே ஒரு நூல் தட்டுப்படும். மேலே ஊசி குத்தின மாதிரி ஒரு துளை, அதிலிருந்து கீழே முதுகெலும்பு வரைக்கும் போகிற நூல். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லார் விரலுக்கும் தெரியும், வாய்க்குத்தான் தெரியாது. ஆழமில்லாத நூலை அறுத்து எடுத்து, தையல் மறைந்ததும் தூரத்து ஊர்க்காரன் தலையில் கட்டிவிடுவார்கள். ஆழமாகப் போனது கால்வாய்க்கு. ராச்சாவைக் குறை சொன்னால் தன் வீட்டு நாயையும் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதால் ஒருவரும் மூச்சு விடவில்லை.

புவாவின் முதல் ஈற்றில் நூல் இருந்த ஒன்றை ப்ரயோங் தர மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டாள். சோம் என்று பேர் வைத்தாள். ரம்புத்தான் மரத்தடியில் எல்லாம் ஓடித் திரிந்த குட்டி ஒருநாள் துளையில் சீழ் வைத்து, பின்னங்கால் இரண்டும் விழுந்து, முன்னங்காலால் தரையைப் பிறாண்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தது. வால் ஆடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் சந்தபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே நாய் டாக்டர் ஒரு சின்னப் பெண். சோமைக் காப்பாற்ற முடியாது என்று சொன்னாள். ப்ரயோங் அழுது முடித்ததும் காரணத்தைச் சொன்னாள்.

"அக்கா, சேணத்துக்கு ஒரு பங்கு போதும். அம்மா குடுத்தாலும் சரி, அப்பன் குடுத்தாலும் சரி. ரெண்டு பேரும் ஒவ்வொரு பங்கு குடுத்துட்டாங்கன்னா கூடிப்போயிடுது. வயித்துக்குள்ள இருக்கும்போது முதுகு ஒழுங்கா மூடிக்காது. பெரும்பாலும் அதான் இந்தத் துளை."

"அப்போ அந்தத் தப்பாதவன்?"

"அவன்கிட்ட ரெண்டு பங்கும் இருக்கு. எந்தக் குட்டிக்கும் ஒண்ணக் குடுத்தே தீருவான். தப்பாம விழுதுன்னு சந்தோசப்படுறீங்களே, அதான் அக்கா கோளாறே. அசல் சாதில பொறந்த மொட்டையாப் பாத்துச் சேருங்க. பாதி மொட்டையா வரலாம். மீதிக்குச் சேணம் இருக்கும், துளை வர்றது அபூர்வம். மொட்டையும் அசல்தான், நீங்கதான் தண்ணில போட்டுக்கிட்டிருக்கீங்க."

ஊர் திரும்பினதும் இதைக் கம்ரோனிடம் பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். மாணிக்கக் கல்லைச் சுட்டு நிறம் ஏத்தி விக்கிற ஊருக்குப் போயா நாய்க்கு ஜாதகம் பார்த்தாய் என்று கேட்டார். அதோடு நிற்காமல், உங்க வீட்டுக் கூரை ஒழுகுதாமே, தகரம் மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டார். ப்ரயோங்குக்குப் புரிந்துவிட்டது. வீடு அவருடைய துரியன் பழத் தோட்டத்துக்குள் இருந்தது. இறால் பண்ணை நொடித்துப்போய் நடுத்தெருவில் நின்றபோது தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் கூட்டிவந்து குடிவைத்தவர் அவர்தான். நல்ல மனுஷர்தான், யார் இல்லை என்றது! அந்த நல்லதைத்தான் கயிறாகத் திரித்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

அதனால் அடுத்த பருவத்தில் கம்ரோன் நாய்க் கண்காட்சிக்கு பேங்காக் போனபோது, சனித்தும் பழ லாரியோடு போயிருந்தபோது, ராச்சாவைக் கூட்டிவந்து புவாவோடு விடும் பொறுப்பு ப்ரயோங் தலையில் விழுந்தது. அவள் ராச்சாவின் கூண்டுப் பக்கமே போகவில்லை. பட்டப்பகலில் புவாவை பைக்கின் பக்கவண்டியில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். அங்கே நண்டு பிடிக்கிற தோங்பாயிடம் பூ என்று ஒரு நாய் இருந்தது. அந்த ஊர்ப் பேச்சில் பூ என்றால் நண்டு, நம்ம பூ இல்லை. மாக் தீவில் சேணமுள்ள தாய்க்குப் பிறந்த மொட்டை. தண்ணீரில் போடச் சொல்லித் தந்த குட்டியைத் தோங்பாய் படகில் போட்டுக்கொண்டார். ப்ரயோங் விரல்விட்டு உருட்டிப் பார்த்தாள், முதுகு சுத்தம். தோங்பாய் காசு கேட்கவில்லை, குட்டி கேட்கவில்லை. என் பையனுக்கும் ஒரு பெண் பார்க்க ஆள் வந்ததே என்று சிரித்தார்.

அதன் பலன்தான் இப்போது சாக்கின் மேல் நெளிந்துகொண்டிருந்தது. சந்தபுரிப் பெண் சொன்ன மாதிரியே.

சனித் வந்து எட்டிப் பார்த்தான். எண்ணினான். முகம் வெளுத்துப்போயிற்று.

"யோங், இதுங்களுக்கு அப்பன் யாரு?"

அவள் சொன்னாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு எழுந்து, சுவரில் ஆணியில் தொங்கின சிமென்ட் பையை எடுத்தான். அண்ணன் வீட்டுக்கும் சேர்த்து அந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவன் அவன்தான். கால் தானாக அங்கே போயிற்று.

"அதக் கீழ வைங்க" என்றாள்.

"மூணு போனா நாலு பொழைக்கும். நாமளும் பொழைப்போம். அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"இத்தன நாளா நோவு வந்த குட்டியத் தூக்கிட்டுப் போனீங்க, வாய மூடிக்கிட்டிருந்தேன். இதுங்களுக்கு என்ன நோவு? உருட்டிப் பாருங்க."

அவன் உருட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் தூக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். பையைத் திரும்ப மாட்டிவிட்டு வெளியே போனான்.

அன்றிலிருந்து ப்ரயோங் தன் வீட்டிலேயே கைதி. மொட்டை மூன்றையும் தோட்டத்துக் கோடியில் பழைய உரக் கொட்டகையில் வைத்தாள். புவாவை அங்கும் இங்குமாக நடத்திக் கூட்டிப்போய்ப் பால் கொடுக்க வைத்தாள். நாலு குட்டி என்று கம்ரோனுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. சந்தைக்குப் போக முடியவில்லை, கோயிலுக்குப் போக முடியவில்லை, தங்கை வீட்டு விசேஷத்துக்குத் தலைவலி என்று பொய் சொன்னாள். தோட்டத்துப் பாதையில் பைக் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பாத்திரம் நழுவும். கண் திறக்காத வரைக்கும் குட்டிகள் சும்மா கிடந்தன. கண் திறந்ததும் கத்த ஆரம்பித்தன. அதுகளுக்குத் தெரியுமா, தாங்கள் பிறக்கவேயில்லை என்று! சத்தம் அமுக்க ரேடியோவை அலற விட்டாள். சனித் அந்தப் பக்கம் பார்க்காமலே உரமூட்டை எடுக்கப் போனான், பார்க்காமலே வந்தான். ஒருநாள் கொட்டகைக் கதவின் இடுக்கை யாரோ பலகை வைத்து அடைத்திருந்தார்கள். சனித்தின் சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது.

மகிழ்ச்சி என்று ஒன்று இருந்தால் அது வீட்டுக்குள் இருந்த நாலுதான். தினமும் உருட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் நூல் இல்லை. இதுகளை விற்றுவிட்டு அந்த மூன்றையும் தோங்பாயிடம் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டாள். யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்து முடிக்கலாம் என்று நினைத்தாளே, அங்கேதான் ஏமாந்தாள்.

ஆண் நாயின் சொந்தக்காரருக்குக் கூலிக்குப் பதில் குட்டியில் முதல் உரிமை. குட்டிகள் ஓடத் தொடங்கினதும் கம்ரோன் தெரிந்தெடுக்க வந்தார். தனியாக வரவில்லை. நாலும் சுத்தம் என்ற சேதி சனித் வாயிலிருந்தோ எங்கிருந்தோ கசிந்து, பின்னால் நாய் வளர்க்கிறவர்கள் ஒரு கூட்டமே வந்தது. அதில் விசியனும் இருந்தான். போன ஈற்றில் அவன் வீட்டில் ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை.

கம்ரோன் முற்றத்தில் பாய் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குட்டியாக உருட்டினார். விரல் மெதுவாகப் போயிற்று. கழுத்து, முதுகு, இடுப்பு. நாலாவதையும் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ப்ரயோங் அதை எதிர்பார்க்கவில்லை. இவருக்கும் இத்தனை காலம் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணம் பரிதாபமாகக்கூட இருந்தது.

"பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ரத்தம் தெளிஞ்சிருச்சு. கோளாறு உங்க பெட்டைங்ககிட்ட. ராச்சாகிட்ட இல்ல."

கூட்டம் தலையாட்டிற்று. புவாவின் இந்தப் பெண்குட்டியை எடுத்து வளர்த்து ராச்சாவோடேயே சேர்ப்பேன் என்றார். ஆளுக்கொரு பருவம் குறித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். முதல் ஆளாக விசியன் முன்னால் வந்தான். ராச்சாவின் மகளை வீட்டில் வைத்திருக்கிறவன் அவன். அந்த மகளையே கொண்டு வரேன் என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை!

ப்ரயோங் சுவரோடு சாய்ந்து நின்றாள். மூன்று குட்டிகளை ஒளித்து வைத்ததற்கு இதுதான் பலன். அவள் பொய் ராச்சாவுக்கு நற்சான்று கொடுத்துவிட்டது. இனி எத்தனை வீட்டில் எத்தனை சோம் முன்னங்காலால் தரையைப் பிறாண்டும்! வாயைத் திறந்தால் வீடு போகும். மூடினால் இது நடக்கும். சனித் அவளைப் பார்த்தான். பேசாதே என்று கண்ணால் கெஞ்சினான். அவள் வாசலைத் தாண்டி நடக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வந்தபோது கூடையில் மூன்று மொட்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பாயில் விட்டாள். அதுகள் போய் மற்ற நாலோடு கலந்து கடித்து விளையாடத் தொடங்கின.

"இதுவும் புவாவோட ஈத்துதான். மறைச்சு வச்சிருந்தேன்" என்றாள்.

கம்ரோன் குட்டிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். புத்திசாலி மனுஷர், ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அப்பன் வேறு என்று ஒத்துக்கொண்டால் சுத்தமான நாலும் ராச்சாவுடையது இல்லை. அதனால் அவர் சிரித்தார்.

"வயசாயிருச்சு இல்ல, தப்பிருச்சு போல. மொத தடவ. பரவால்ல, நாலு சுத்தமா இருக்கே." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "சனித், இந்த மூணையும் எடுத்துட்டுப் போ."

இவர் பட்டத்தைக்கூட விட்டுக்கொடுப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. குட்டிகளைக் காட்டினால் போதும், உண்மை தானாக வெளியே வரும் என்றுதான் கூடையைத் தூக்கிவந்தாள். இப்போது அந்த மூன்றும் அவர் கைக்குப் போய்விட்டன. சொல்லியே தீர வேண்டும்.

"ராச்சா தப்பல அண்ணே" என்றாள். "அவன் சாகுற வரைக்கும் தப்ப மாட்டான். அதான் நோவே. சேணம் ரெண்டு பங்கு இருக்கிறதாலதான் தப்பாம விழுது, அதே ரெண்டு பங்குதான் துளை போடுது. இந்த ஏழுக்கும் அப்பன் அவன் இல்ல. படகுத்துறையில இருக்கிற பூ. மொட்டை. நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கம்ரோன் எழுந்தார். துரியன் அறுவடை முடிந்ததும் வீட்டைக் காலி பண்ணிவிடு என்று தம்பியிடம் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை. கலப்படக் குட்டிக்கு நான் உரிமை கேட்கவில்லை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. காலையில் தங்கமாக இருந்த சேணக்குட்டி நாலும் மத்தியானத்துக்குள் தெருநாய் ஆகிவிட்டன.

சனித் அன்றைக்குத் தோட்டத்திலேயே கிடந்தான். மறுநாள் சாப்பாட்டுக்கு வந்தான். சோறு போட்டாள், தின்றான். ஏழு குட்டியும் முற்றத்தில் ஓடின. ஒளிக்க வேண்டியது எதுவும் இல்லை என்பது மட்டும்தான் மிச்சம். போக இடம் இல்லை. நாயை விட்டால் வேறு தொழிலும் தெரியாது. கதவைத் திறந்துவிட்ட பிறகும் கூண்டுக்குள்ளேயே நிற்கிற மாதிரி அவள் நின்றாள்.

சாயங்காலம் ரப்பர் தோட்டத்துப் பக்கமாக, வேலி இடுக்கில் யாரோ கூப்பிட்டார்கள். விசியன். கையில் கயிறு, கயிற்றில் அவன் பெட்டை, அந்த ராச்சா மகள்.

"அக்கா, அந்தப் படகு நாயை ஒரு தடவ விடணும். நீ சொன்னா தோங்பாய் விடுவாரு. யாருக்கும் தெரிய வேணாம். ராச்சாவோட விட்டேன்னு சொல்லிக்கிறேன்."

நீ சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வெளியே எப்படிச் சொல்ல என்று குழைந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இதற்குத்தானா வீட்டைத் தொலைத்தேன்! பின்வழியாக ஒவ்வொருவராக வருவார்கள், முன்வழியாகத் தப்பாதவன் பேர் வளரும்.

"உன் பெட்டைக்கு ரெண்டு பங்கும் இருந்தா அத்தனைக்கும் சேணம் விழும். ஒரு பங்குதான்னா மொட்டை வரும். வந்தா?" என்று கேட்டாள்.

"அது..." விசியன் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே சனித் வந்து நின்றிருந்தான். "சனித் அண்ணன்தான் இருக்காரே. வழக்கமா அவருதானே முடிச்சுக் குடுப்பாரு."

சனித் குனிந்து காலடியில் ஓடிவந்த ஒரு மொட்டைக்குட்டியைத் தூக்கினான். பிறந்ததிலிருந்து அவன் அதுகளில் ஒன்றைத் தொட்டது அதுதான் முதல் தடவை. முதுகுத்தோலைத் தூக்கி உருட்டிப் பார்த்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், பிறகு திரும்பவும் கழுத்திலிருந்து.

"ஒண்ணுமே இல்ல, யோங்" என்றான். அப்புறம் விசியனிடம், "நான் முடிக்க மாட்டேன். மொட்டை வந்தா உன் வீட்டு வாசல்ல, எல்லாரும் பாக்க வளக்கணும். ஊர் கேட்டா அப்பன் பூன்னு சொல்லணும். முடியும்னா பெட்டையக் கொண்டா" என்றான்.

விசியன் நின்றான். கயிற்றைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான். வேலிக்கு இந்தப் பக்கம் புவாவின் குட்டிகள் ஏழும் அவன் பெட்டையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. நாளைக்கு வரேன் என்றான். முன்வாசல் வழியாகவா என்று சனித் கேட்கக் கேட்கப் பெட்டையை இழுத்துக்கொண்டு போனான்.